வேலைக்கென வந்தவர்களின் முதுமை

லாச்சப்பலில் இருந்து பார்பஸ் வரை நடந்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. தலைக்கு மேலே இரண்டாம் இலக்க மெற்றோ இரும்புப் பாலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைகளும் நகைக்கடைகளும். அந்தப் பக்கம் அல்ஜீரியரும் மொரோக்கோக்காரரும். மழையில்லாத நாட்களில் பாலத்தின் கீழும் சந்தியிலுள்ள வாங்குகளிலும் வயதான ஆண்கள் சிலர் இருப்பார்கள். பழைய கோட், கம்பளித் தொப்பி, கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதிகம் கதைக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுதக் கூசுகிறது. அவர்களுடைய பேச்சு அரபில் 'சிபானி' என்பார்கள். நரைத்தவர் என்று பொருள், மரியாதையான சொல். பல வருடங்களாக அந்த வாங்குகளைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். இவர்கள் ஏன் வீட்டில் இல்லாமல் தெருவில் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

'இளைப்பாறுதல்' என்ற சொல்லை நாங்கள் வளர்ந்த யாழ்ப்பாணம் ஒரு பட்டமாகவே அறிந்திருந்தது. இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய அதிபர் என்று மரண அறிவித்தலில்கூட அது பெயரை ஒட்டியே நிற்கும். மலாயாவில் வெள்ளைக்காரனின் ரயில்வேயில் கிளாக்கராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்'களின் காலம் எங்களுக்கு முந்தியது. ஆனாலும் அவர்கள் கட்டிய கல்வீடுகளையும், மாதம் தவறாமல் கடல் கடந்து வந்த பென்சனையும்பற்றிய கதைகள் எங்கள் காலம்வரை ஓயவில்லை. அதே மலாயாவில் அதே தண்டவாளத்துக்குச் சல்லிக்கல் சுமந்த தமிழகத்துக் கூலிகளுக்கு அந்த மாதிரி ஒரு முதுமை வாய்க்கவில்லை. அவர்களைப்பற்றி எங்கள் ஊரில் யாரும் கதைத்ததாகவும் எனக்கு ஞாபகமில்லை.

வேலையிலிருந்து நின்றதும் மனிதர் மனம் விட்டுப்போய்விடுவார், ஓடிய வண்டியை நிறுத்தினால் துருப்பிடிக்கும் என்றெல்லாம் சொல்வதுண்டு. இது உண்மைதானா என்று ஐரோப்பாவில் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசாங்க அலுவலர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவந்த 'வைற்ஹோல்' ஆய்வு அவற்றில் ஒன்று. அதிலிருந்து 2003இல் வெளியான ஒரு கட்டுரை, அறுபது வயதில் ஓய்வுபெற்றவர்களின் மனநலம் கெடவில்லை, மாறாக முன்னேறியிருக்கிறது என்றது. ஆனால் கூடவே இன்னொன்றையும் சொன்னது. அந்த முன்னேற்றம் உயர்பதவிகளில் இருந்தவர்களோடு நின்றுவிட்டது. கீழ்ப்பதவிகளில் இருந்தவர்களிடம் அதைக் காணவில்லை.

பிரான்சிலும் இப்படி ஒன்று உண்டு. அரச மின்சார, எரிவாயு நிறுவனங்களின் ஊழியர்கள் இருபதாயிரம் பேரை 1989 முதல் பின்தொடரும் 'கசெல்' ஆய்வு. அவர்களில் 14,000 பேருக்குமேல் ஓய்வுக்கு முந்திய ஏழு ஆண்டுகளிலும் பிந்திய ஏழு ஆண்டுகளிலும் எப்படியிருந்தார்கள் என்பதை 2010இல் வெளியிட்டார்கள். ஓய்வோடு களைப்பும் மனச்சோர்வின் அறிகுறிகளும் கணிசமாகக் குறைந்திருந்தன. சந்தோசமான செய்திதான். ஆனால் இவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும். நிரந்தர வேலை, நிறுவனத்துக்கென்றே தனியான ஓய்வூதியத் திட்டம், மற்றவர்களுக்கு முந்திய வயதில் ஓய்வு. இந்த ஏற்பாடு முழுவதையும் பிரெஞ்சில் 'ஸ்தத்யூ' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். அந்தஸ்து என்று தமிழாக்கலாம். இவர்கள் அந்தஸ்தோடு வேலைசெய்து அந்தஸ்தோடு ஓய்வுக்குப் போனவர்கள். அது இல்லாமலேயே இன்னொரு அரச நிறுவனத்தில் முப்பது வருடம் வேலைசெய்தவர்கள் இருந்தார்கள். பார்பஸ் வாங்கில் இருப்பவர்கள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்கள்.

1963 ஜூனில் பிரான்சும் மொரோக்கோவும் தொழிலாளர் ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. வடக்கிலிருந்த நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் பிடிப்பதற்காக, காலனிய நிர்வாகத்தில் இராணுவ அதிகாரியாக இருந்த ஃபெலிக்ஸ் மோரா என்பவர் மொரோக்கோவின் தெற்கிலுள்ள கிராமங்களுக்குப் போனார். இளைஞர்கள் வெற்று மேலுடன் வரிசையில் நின்றார்கள். உடம்பைத் தட்டிப் பார்த்து, எடுபட்டவரின் நெஞ்சில் பச்சை முத்திரை, எடுபடாதவரின் நெஞ்சில் சிவப்பு முத்திரை. இதைப் பின்னாளில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களே பலமுறை பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி வந்தவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். வடக்கின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

1970களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அரச ரயில்வேயும் இதேபோல் மொரோக்கோவில் இருந்து சுமார் 2000 பேரை எடுத்தது. தண்டவாள வேலை, சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் வேலை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து புகுந்து கொக்கியை மாட்டவேண்டும். இரவிலும் பனியிலும் அதுதான். பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்த பிரெஞ்சுக்காரர் 'நிரந்தரப் பிரிவில்' இருந்தார். மொரோக்கோக்காரர் ஒப்பந்த ஊழியர். நிரந்தரப் பிரிவுக்குப் பிரஜாவுரிமை வேண்டுமென்று விதி. பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தவர்களுக்கு அது திறக்கப்பட்டது, மொரோக்கோக்காரருக்குத் திறக்கவில்லை. நிரந்தரப் பிரிவினர் அன்று ஐம்பத்தைந்தில் ஓய்வுபெறலாம் என்றிருந்தது. கடைசி ஆறு மாதச் சம்பளத்தை வைத்து அவர்களுடைய பென்சன் கணக்கிடப்படும். ஒப்பந்தக்காரர் பொதுத் திட்டத்தின் வயதுவரை உழைக்கவேண்டும். பென்சனும் பொதுத் திட்டத்தின்படிதான்.

இவர்களில் 800க்கும் மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். பரிஸ் தொழில் நீதிமன்றம் 2015 செப்ரெம்பரில் ரயில்வே பாரபட்சம் காட்டியது என்று தீர்ப்பளித்தது. ரயில்வே மேன்முறையீடு செய்தது. 2018 ஜனவரி 31இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. முதல் மனுக்கள் போட்டு அப்போதைக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டிருந்தது. சிலர் அதற்குள் இறந்தும்போனார்கள். 2020 ஜனவரி முதல் புதிதாகச் சேருகிற யாருக்குமே, பிரெஞ்சுக்காரருக்கும்தான், அந்த அந்தஸ்து கிடையாது என்பது வேறு கதை.

பணத்தைப்பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறேன், மனநலத்துக்கு வரவில்லை என்று வாசகர் நினைக்கக்கூடும். இரண்டையும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பென்சன் கடிதத்தில் வருகிற தொகை, ஒருவன் முப்பது நாற்பது வருடம் எப்படி நடத்தப்பட்டான் என்பதன் கூட்டுத்தொகை. வேலைசெய்யும் காலத்தில் கூட்டிப் பார்க்க நேரமிருக்கவில்லை. ஓய்வுநாளில் யாரோ கூட்டி அனுப்புகிறார்கள்.

அடுத்தது வீடு. அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருக்கையில், 1956இல், அல்ஜீரியத் தொழிலாளர்களுக்கு வசிப்பிடம் கட்டுவதற்கென்று அரசு ஒரு நிறுவனத்தை உருவாக்கியது. 1963இல் அது 'சொனாகொத்ரா' ஆயிற்று. 2007இல் இருந்து 'அடோமா'. குடும்பமில்லாத ஆண்கள் சில வருடம் தங்கிப் போவதற்கான 'ஃபுவாயே' எனும் விடுதிகள். ஏழரைச் சதுரமீற்றர் அறைகள். சில இடங்களில் ஒன்பது சதுரமீற்றர் அறையின் நடுவே மெல்லிய தடுப்பு வைத்து நாலரை நாலரையாக இரண்டாக்கினார்கள். அடுத்தவர் இருமினால் இவருக்கு நித்திரையில்லை. பொறுப்பாளர்களில் பெரும்பாலானோர் காலனிகளில் சேவைசெய்த பழைய இராணுவத்தினர். விருந்தினரை, முக்கியமாகப் பெண்களை, அறைக்குக் கூட்டிவரத் தடை. இதற்கெல்லாம் எதிராக 1975இல் சென்-டெனியில் வாடகை மறுப்புத் தொடங்கி, நாடு முழுக்கப் பரவி 1980 வரை நீடித்தது. சிலரைப் பொலிஸ் பிடித்து நாடுகடத்தியது. இன்று வாங்கில் வாய்பேசாமல் இருக்கும் கிழவர்களில் சிலர் அன்று அந்தக் கூட்டங்களில் கதைத்தவர்களாக இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1974 ஜூலையில் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டது. 1977இல், ஊருக்குத் திரும்பிப் போகிறவர்களுக்குப் பத்தாயிரம் பிராங்க் தருவதாகச் சொன்னார்கள். போனவர்கள் சிலர். பலர் குடும்பத்தை இங்கே அழைத்துக்கொண்டார்கள். முதிய குடியேறிகள் எல்லோரும் விடுதி அறையில் தனியே கிடக்கிறார்கள் என்பது பிழை. தேசிய ஓய்வூதிய நிதியம் 2003இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளிடம் விசாரித்தபோது, ஓய்வுக்குப் பிறகும் பிரான்சிலேயே இருக்கப்போவதாகத்தான் பெரும்பான்மையோர் சொன்னார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே. ஆனால் குடும்பத்தை அழைக்க முடியாதவர்களுக்கும், வருடாவருடம் 'அடுத்த வருடம் போய்விடுவேன்' என்று தள்ளிப்போட்டவர்களுக்கும் தற்காலிகமாகக் கிடைத்த அறையே நிரந்தரமாகிவிட்டது. 1997க்குப் பிறகு விடுதிகளை இடித்தும் திருத்தியும் சமையல் மூலையுடன் தனித்தனி அறைகளாக்கும் திட்டம் வந்தது. இடம் கூடியது, நல்லது. பொதுச் சமையலறை போயிற்று. முன்பு பானையைப் பார்த்து, இன்று இவன் சமைக்கவில்லை, என்ன வருத்தமோ என்று கதவைத் தட்ட ஒருவர் இருந்தார்.

இவர்களுடைய மனத்தைப்பற்றிப் பிரெஞ்சு மருத்துவம் என்ன நினைத்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1898இல் வேலைத்தல விபத்துகளுக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டம் வந்தது. பத்து வருடம் கழித்து, 1908இல், எதுவார் பிரிசோ என்ற நரம்பியல் மருத்துவர் 'சினிஸ்த்ரோஸ்' என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்தார். காயம் ஆறிய பின்பும் தொழிலாளி நோகிறது, வேலைசெய்ய முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கும் நோய். சட்டம் வந்த பிறகுதான் நோய் வந்தது என்பதைக் கவனிக்க. 1960களிலும் 70களிலும் இந்தப் பெயர் வட ஆபிரிக்கத் தொழிலாளர்களின் மருத்துவக் கோவைகளில் தாராளமாக எழுதப்பட்டது. அதற்கும் முன்னர், 1952 பெப்ரவரியில், 'எஸ்ப்ரி' சஞ்சிகையில் இளம் மருத்துவரான ஃபிரான்ஸ் ஃபனான் 'வட ஆபிரிக்க நோய்க்குறி' என்ற கட்டுரையை எழுதியிருந்தார். எங்கே நோகிறது என்றால் எல்லா இடமும் நோகிறது என்கிற நோயாளி. சோதித்துப் பார்த்து எதுவும் இல்லையென்று, இவன் பொய்க்காரன், சோம்பேறி என்று முடிவுகட்டுகிற வைத்தியர். நோயாளியின் உடம்பில் தேடிக் காணாததை அவனுடைய வாழ்நிலையில் தேடவேண்டும் என்பது ஃபனானின் வாதம். எங்கள் ஊரிலும் மனம் நொந்தால் மேலெல்லாம் உளைகிறது, நெஞ்சுக்குள் எரிகிறது, 'ஒரே யோசனை' என்றுதான் சொல்வோம். அதை இங்கே ஒரு வைத்தியருக்கு மொழிபெயர்த்தவர்களுக்கு அந்த நோயாளியைத் தெரிந்திருக்கும்.

பொபினியில் எங்கள் ஆட்கள் அடிக்கடி போகிற அவிசென் மருத்துவமனை 1935இல் 'பிராங்கோ-முஸ்லிம் மருத்துவமனை'யாகத் திறக்கப்பட்டது என்பதை அங்கே வரிசையில் நின்ற பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பரிசின் வட ஆபிரிக்கத் தொழிலாளர்களை மற்றவர்களோடு கலக்காமல் அனுப்புவதற்கென்றே கட்டப்பட்டது. 1979இல் அதே இடத்தில்தான் தோபி நாதன் குடியேறிகளின் மொழியிலேயே அவர்களுடைய மனத்துயரைக் கேட்கும் சிகிச்சை முறையைத் தொடங்கினார். நாவலாசிரியராக நாமறிந்த தஹர் பென் ஜெலூனும் அதற்கு முன்னர் இத்தகைய தொழிலாளர்களுக்கு உளசிகிச்சையாளராக இருந்தவர்தான். அவர்களுடைய தனிமையைப்பற்றிய அவருடைய நூல் 1977இல் வந்தது.

ஆனால் இந்த விடயத்தை ஆழமாக விளங்கிக்கொண்டவர் அல்ஜீரியரான சமூகவியலாளர் அப்தெல்மலெக் சயாத் என்றே நான் நினைக்கிறேன். 1933இல் கபீலியாவின் கிராமமொன்றில் பிறந்து 1998இல் இறந்தவர். அவருடைய கட்டுரைகள் 'இரட்டை இன்மை' என்ற தலைப்பில் மறுவருடம் நூலாயின. குடியேறி என்பவன் முதலில் ஒரு வேலைக்கை. அவனுடைய இருப்பு வேலையால் மட்டும் நியாயப்படுத்தப்படுகிறது. எனவே அவன் எப்போதும் தற்காலிகமானவன் என்று 1979இலேயே அவர் எழுதினார். அரசும் அப்படி நினைத்தது, ஊரும் அப்படி நினைத்தது, அவனும் அப்படித்தான் நம்பினான். அந்த நம்பிக்கை மூவருக்கும் வசதியாக இருந்தது. இதை வைத்துப் பார்த்தால் 'சினிஸ்த்ரோஸ்' நோயாளி வேறுவிதமாகத் தெரிகிறான். வேலைசெய்யாமல் இங்கே இருப்பதற்கு அவனுக்கிருந்த ஒரே அங்கீகாரம் நோய். உனக்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லும்போது அந்த அங்கீகாரமும் பறிபோகிறது.

இப்போது அதே மனிதனுக்கு ஓய்வூதிய வயது வருகிறது. மின்சார ஊழியருக்கு ஓய்வு ஒரு விடுதலை. இவருக்கோ, இங்கே ஏன் இருக்கிறாய் என்ற கேள்விக்கு இத்தனை வருடமாக வைத்திருந்த பதில் அன்றோடு முடிகிறது. ஊருக்குப் போகலாம். அங்கே அவருடைய காசில் கட்டிய வீட்டில் மனைவி முப்பது வருடமாக அவரில்லாமல் குடும்பம் நடத்திப் பழகிவிட்டாள். பிள்ளைகளுக்கு அவர் ஆவணி மாதத்தில் பொதிகளோடு வருகிற ஆள். பொதியில்லாமல் ஆறு மாதம் வந்திருந்தால் வீட்டில் எல்லோருக்கும் சங்கடம், அவருக்கும்தான். பரிசிலிருந்து போகிறவனுக்கு அங்கே யாரும் ஏழ்மையை மன்னிக்கமாட்டார்கள். அதனால் மறுபடியும் விடுதி அறை.

பென்சனே போதாது. பிரான்சில் பென்சன் காலாண்டுகளாக எண்ணப்படுகிறது. குறிப்பிட்ட அளவு சம்பளம் பதிவானால் ஒரு காலாண்டு. நீண்டகாலம் அது 200 மணித்தியாலக் குறைந்தபட்சச் சம்பளமாக இருந்தது, 2014 முதல் 150. முதலாளி பதியவில்லையென்றால் கையில் எத்தனை காய்ப்பு இருந்தாலும் காலாண்டு கிடையாது. 1993இல் செய்த சீர்திருத்தம் பென்சனைக் கணக்கிடும் அடிப்படையைச் சிறந்த 10 வருடங்களில் இருந்து படிப்படியாகச் சிறந்த 25 வருடங்களாக்கியது. ஒரே இடத்தில் உயர்ந்துபோனவருக்கு இது சிறு நட்டம். கட்டட வேலை, வேலையின்மை, மறுபடி கட்டட வேலை என்று உடைந்துடைந்து உழைத்தவருக்கு அந்த 25இல் மோசமான வருடங்களும் வந்து சேர்ந்துவிடுகின்றன.

பற்றாத தொகையை நிரப்ப 1956 முதல் முதியோருக்கான குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. உடன்படிக்கை இல்லாத நாட்டவருக்கு அது 1998 மே மாதச் சட்டத்தின் பிறகுதான் திறந்தது. அதற்கும் நிபந்தனை, பிரான்சில் வசிக்கவேண்டும். வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் என்றிருந்ததை 2023 செப்ரெம்பரில் இருந்து ஒன்பது மாதத்துக்கு மேல் என்றாக்கினார்கள். ஆகவே எழுபத்தைந்து வயது மனிதர் கலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். சோதனைக்கு வருபவர்கள் கடவுச்சீட்டைக் கேட்டு, விமானநிலைய முத்திரைகளைக் கூட்டிக் கழித்து, கூடுதலாக ஊரில் நின்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்கிறார்கள். மனைவிக்குச் சுகமில்லை என்று போனவர் அவள் எழும்புமுன் திரும்பிவரவேண்டும். ஊரில் நீண்டகாலம் தங்குவதற்கான ஒரு மாற்று உதவித்தொகைக்கு 2007இல் சட்டம் செய்தார்கள்; அதன் ஆணைகள் 2015இல்தான் வெளிவந்தன. அதைத் தொடக்கத்தில் பெற்றவர்கள் மிகச் சிலர். எட்டு வருடம் என்பது அந்த வயதில் எவ்வளவு காலம் என்று கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

1983இல் இருபத்தைந்து வயதில் வந்திறங்கிய எங்கள் பையன்கள் இப்போது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அகதி விண்ணப்பக்காரருக்கு வேலைசெய்ய இருந்த உரிமையை 1991 செப்ரெம்பர் சுற்றறிக்கை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் வழக்கு முடியும்வரை களவாகவோ வேறொருவரின் கார்ட்டிலோதான் கோப்பை கழுவினார்கள். அந்த நாட்களில் அதை ஒரு கெட்டித்தனமாகச் சொல்லிச் சிரித்தோம். மொரோக்கோக்காரர் ஆறு மாதமாவது போய்வந்தார். அகதிப் பயணப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போகமுடியாது. மற்றபடி வித்தியாசம் அதிகமில்லை. ஐக்கியமாகி எதையாவது கேட்டார்கள் என்ற அளவில் அவர்கள் எங்களைவிட ஒருபடி மேல்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சென்ற வருடம் தன்னுடைய வேலைப் பதிவுத் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பதினொரு வருடம் ஒரே ரெஸ்ரோரன்றின் நிலக்கீழ்ச் சமையலறையில் நின்றவர். தாளில் அந்தக் காலத்துக்கு ஒன்பது காலாண்டுகள். மிச்சம் அவர் வேலைசெய்த கார்ட்டின் சொந்தக்காரருக்கு. நாலைந்து மாதமாக நித்திரையில்லை, வைத்தியர் குளிசை தந்திருக்கிறார், குடித்தால் காலையில் தலை பாரமாக இருக்கிறது என்றார். மனிசி பேரப்பிள்ளையைப் பார்க்க மகள் வீட்டுக்குப் போய்விடுகிறாளாம். பகலில் வீட்டில் இருக்க என்னவோ செய்கிறது என்று வெளிக்கிட்டு லாச்சப்பலுக்கு வந்துவிடுவாராம். பிறகு கேட்டார்: "அண்ணை, கார்ட்காரனிட்ட ஒரு கடிதம் வாங்கிக் குடுத்தா ஏத்துக்கொள்ளுவாங்களோ?" கார்ட்காரர் இப்போது லண்டனில். வேலை தேடித் தந்ததற்காகவும் கார்ட்டுக்காகவும் அவருக்கு அப்போது மாதாமாதம் காசும் கொடுத்திருக்கிறார். அது எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார்; பிராங்க்கில்தான் ஞாபகம் வைத்திருந்தார்.